ஒரு நகரம், இரண்டு நாணயம்: யமனின் தஇஸ்

யமன் நாட்டின் தென்மேற்கே, ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸபிர் மலையின் வடக்குச் சரிவில் அமைந்திருக்கிறது தஇஸ் நகரம். மேற்கே இறங்கினால் செங்கடற்கரையில் மோக்கா துறைமுகம். தெற்கே சென்றால் ஏதன். வடக்கே ஏறினால் இப் நகரைக் கடந்து ஸன்ஆ. இம்மூன்று வழிகளும் கூடுமிடத்தில் ஓர் ஊர் இருந்தால் அது சந்தையாகாமல் வேறு என்னவாகும்? மலைநாட்டின் காப்பிக் கொட்டையும், கடல் கொண்டு வந்த துணியும், சமவெளியின் தானியமும் கைமாறுவதற்கென்றே இயற்கை வகுத்த இடம் அது.

அந்நகரம் இன்று இரண்டாகக் கிடக்கிறது. நகரின் நடுப்பகுதியும் மேற்குப் பகுதியும், ஏதனைத் தற்காலிகத் தலைநகராகக் கொண்டதும் உலக நாடுகளின் ஒப்புதல் பெற்றதுமான அரசின் கீழ் உள்ளன. கிழக்கே தொழிற்சாலைகள் நிறைந்த ஹவ்பான் பகுதி, ஸன்ஆவில் ஆட்சி நடத்தும் ஹூதிகளின் கையில் இருக்கிறது. ஒரே மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். ஒரே சந்தைக்கு இரண்டு வரிகள். ஒரே பெயருடைய இரண்டு நாணயங்கள். இப்பிளவு எவ்வாறு வந்தது, அதனால் இழந்தது என்ன, மீள்வதற்கு வழி உண்டா என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முஆத் (ரலி) அவர்களின் மண்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பி வைத்த செய்தியை அறியாத முஸ்லிம் இருக்க முடியாது. தீர்ப்பு வழங்குவது எவ்வாறு என்று அவர்களிடம் நபிகளார் வினவியதும், அவர்கள் விடையிறுத்ததும் நம் மத்ரஸாக்களில் உஸூல் பாடத்தின் தொடக்கத்திலேயே வருவன. அந்த முஆத் (ரலி) அவர்கள் தங்கி, மார்க்கம் போதித்து, பள்ளிவாசல் அமைத்ததாக யமன் மக்கள் போற்றும் அல்ஜனத் என்னும் பழம்பதி தஇஸுக்கு வடகிழக்கே மிக அருகில்தான் உள்ளது. ரஜப் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று சுற்றுவட்டார மக்கள் அப்பள்ளியில் திரள்வது நெடுநாளைய வழக்கம்.

முதலில் ஜனத்தே பெரிய ஊர். தஇஸ் பின்னர் வளர்ந்தது. ஸுல்தான் ஸலாஹுத்தீனின் உடன்பிறந்தார் தூரான்ஷாஹ் ஹிஜ்ரி 569இல் (கி.பி. 1173-74) யமனுக்குப் படையெடுத்து வந்தார். அவருக்குப்பின் வந்த அய்யூபிய்யர் காலத்தில், மலைமுகட்டிலுள்ள காஹிரா கோட்டையும் அதன் அடியிலிருந்த குடியிருப்பும் முக்கியத்துவம் பெற்றன. அவர்களிடம் பணியாற்றிய ரஸூலிய்யர் குடும்பத்தார் ஹிஜ்ரி 626இல் (கி.பி. 1229) தாமே ஆட்சியைக் கைக்கொண்டபோது தஇஸின் பொற்காலம் பிறந்தது. ஹிஜ்ரி 858 வரை, இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாட்சி நீடித்தது.

ரஸூலிய்யர் அவை

அம்மன்னர்களுள் தலைசிறந்தவர் அல்மலிக்குல் முளஃப்பர் யூசுஃப். ஹிஜ்ரி 647 முதல் 694 வரை ஆண்டவர். 1258இல் பக்தாத் வீழ்ந்து கலீபா கொல்லப்பட்டபின், கஅபாவுக்குப் போர்வை அணிவிக்கும் பேறு இவருக்கு வாய்த்தது. ஹிஜ்ரி 659இல் அப்பணியை நிறைவேற்றினார். அவர் எழுப்பிய ஜும்ஆப் பள்ளி இன்றும் தஇஸின் பழைய நகரில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மகன் அல்அஷ்ரஃப் உமர் வானநூல் வல்லுநர். ஹிஜ்ரி 690இல் அவர் செய்த உஸ்துர்லாப் என்னும் விண்மீன் அளவைக் கருவி இப்போது நியூயார்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்வந்த அல்அஃப்ளல் அப்பாஸ் காலத்தில் அரபி, பார்ஸி, துருக்கி, கிரேக்கம், அர்மீனியம், மங்கோலியம் ஆகிய ஆறு மொழிகளுக்கும் சொற்பொருள் தரும் அகராதி தொகுக்கப்பட்டது. ஒரு மலைநகரத்து அவையில் ஆறு மொழி அகராதி தேவைப்பட்டதென்றால், அந்நகரத்துக்கு எத்தனை தேசத்தார் வந்து போயிருக்க வேண்டும்!

அரபி கற்றோர் யாவரும் மதிக்கும் 'அல்காமூஸுல் முஹீத்' என்னும் பேரகராதியின் ஆசிரியர் ஃபீரோஜாபாதியும் இவ்வரசரவைக்கு வந்து சேர்ந்தவரே. அல்அஷ்ரஃப் இஸ்மாயீல் அவரை வரவேற்று யமனின் தலைமைக் காஜியாக்கினார். அவர் ஹிஜ்ரி 817இல் ஸபீதில் மறைந்தார். அந்த அஷ்ரஃப் கட்டிய அஷ்ரஃபிய்யா மத்ரஸா, இரண்டு வெண்மினாராக்களுடன் நகரின் அடையாளமாக நிற்கிறது.

நம் கடற்கரைக்கும் இவ்வாட்சிக்கும் தொடர்பு உண்டு. அரபிகள் மஅபர் என்று அழைத்த தமிழகக் கரைக்குக் குதிரைகள் அனுப்பிய துறைகளாக மார்க்கோ போலோ கூறுபவற்றில் ஏதன், ஷிஹ்ர், ளஃபார் ஆகியன அக்காலத்தில் ரஸூலிய்யரின் ஆளுகையில் இருந்தவை. இந்தியக் கரையோர ஊர்களில் பணிபுரிந்த காஜிகளுக்கும் கதீபுகளுக்கும் ஏதன் கருவூலத்திலிருந்து உதவித்தொகை அனுப்பப்பட்டதற்கு அவ்வரசின் பதிவேடுகளே சான்று. கி.பி. 1393இல் கள்ளிக்கோட்டைக் காஜி, வெள்ளிக்கிழமைக் குத்பாவில் ரஸூலிய்ய ஸுல்தானின் பெயரைச் சொல்ல அனுமதி வேண்டிக் கடிதம் எழுதினார். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபையே தஇஸ் மக்களும் பின்பற்றுகின்றனர். ஆகவே அந்நகரத்தின் துயரம் நமக்கு அயலார் துயரம் ஆகாது.

மூன்று பேட்டை, ஒரே சந்தை

1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்னு பதூதா தஇஸுக்கு வந்தார். அன்றைய நகரம் மூன்று பகுதிகளாக இருந்ததை அவர் குறித்திருக்கிறார். ஒன்றில் ஸுல்தானும் அவருடைய அடிமை வீரர்களும் அவையினரும் வாழ்ந்தனர். உதைனா என்னும் இரண்டாவதில் அமீர்களும் படையினரும். மஹாலிப் என்னும் மூன்றாவதில் பொதுமக்கள் வாழ்ந்தனர். பெரிய சந்தை இருந்ததும் இந்த மூன்றாவது பகுதியில்தான். மன்னர்கள் வாழும் ஊர்களில் மக்களிடம் காணப்படும் செருக்கு இங்கும் உண்டு என்று அவர் குறைப்பட்டுக் கொள்ளவும் தவறவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்றும் நகரம் பிரிந்தே இருந்தது. அரசனுக்கு ஒரு பேட்டை, படைக்கு ஒரு பேட்டை, குடிமக்களுக்கு ஒரு பேட்டை. எனினும் அரண்மனைச் சமையற்கட்டுக்கும், படைவீரன் வீட்டுக்கும், தொழிலாளி குடிசைக்கும் மாவும் நெய்யும் போனது ஒரே சந்தையிலிருந்து. எடை ஒன்று, காசு ஒன்று, வழி ஒன்று. பேட்டைகள் பிரிந்திருந்தும் நகரம் பிரியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். இன்றைய பிளவின் கடுமையை உணர இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

எல்லையை வாழ்வாக்கிய வணிகர்

ரஸூலிய்யருக்குப்பின் தஇஸ் பல கைகள் மாறியது. மோக்கா துறைமுகம் உலகுக்குக் காப்பியை ஏற்றுமதி செய்த காலத்தில் அதன் பின்நாட்டுச் சந்தையாக விளங்கியது. 1839இல் பிரிட்டிஷார் ஏதனைக் கைப்பற்றியபின் துறைமுக வேலை பெருகியது. தஇஸின் தெற்கே உள்ள ஹுஜரிய்யா மலைகளிலிருந்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக ஏதனுக்கு இறங்கினர். சுமை தூக்கினர், கடை வைத்தனர், கப்பலேறினர். அரசியல் எல்லை நடுவே ஓடியதே தவிர, குடும்பத்தின் ஒரு கால் மலையிலும் மறுகால் துறைமுகத்திலும் இருந்தது.

1948 முதல் 1962 வரை இமாம் அஹ்மத் தஇஸிலிருந்தே வட யமனை ஆண்டார். அவர் மறைந்த சில நாட்களில், 1962 செப்டம்பர் 26இல், குடியரசுப் புரட்சி வெடித்தது. 1967இல் பிரிட்டிஷார் ஏதனை விட்டு வெளியேற, அங்கமைந்த புதிய ஆட்சி தனியார் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. ஏதனில் பொருளீட்டிய வணிகர் பலர் தம் சொந்த மலைகளை நோக்கித் திரும்பினர். 1938இல் ஏதனில் வணிகம் தொடங்கிய ஹாயில் சயீத் அன்அம் குடும்பத்தார் 1970இல் தஇஸில் தொழிற்சாலை எழுப்பினர். பிஸ்கட், சமையலெண்ணெய், சோப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. அவற்றுக்கு இடம் தந்த சமவெளிதான் ஹவ்பான். 1990 மே 22இல் இரண்டு யமன்களும் ஒன்றானபோது, எல்லையோர நகரமாயிருந்த தஇஸ் நாட்டின் நடுவழியாயிற்று.

பாபுல் கபீர், பாபு மூஸா என்னும் பழைய வாயில்களுக்கு உட்பட்ட சந்தை, ஆலைகள் வந்தபின்னும் தன் சிறப்பை இழக்கவில்லை. புகையூட்டிய நாட்டுப் பாலாடைக்கட்டி அச்சந்தையின் தனிப்பொருள். ஸபிர் மலைப் பெண்கள் வண்ண ஆடையணிந்து, தங்கள் தோட்டத்து விளைச்சலைத் தாங்களே கொண்டுவந்து, தாங்களே விலை பேசி விற்பது யமன் முழுவதும் பெயர்பெற்ற காட்சி. மலையில் பெண்களும் சந்தைக்கு வர, ஹவ்பானில் ஆண்கள் ஆலைக்குப் போக, மாலையில் அனைவரும் ஒரே நகரத்துக்குத் திரும்பினர்.

பிளந்த நாள்

2011இல் மக்கள் கிளர்ச்சியின் முன்னணியில் நின்ற ஊர் தஇஸ். அவ்வாண்டு மே 29இல் அங்கிருந்த போராட்டத் திடல் தீக்கிரையாக்கப்பட்டது. 2014 செப்டம்பரில் ஹூதிகள் ஸன்ஆவைக் கைப்பற்றினர். 2015 மார்ச் 22இல் தஇஸின் விமான நிலையத்தை அடைந்தனர். நகருக்குள் எதிர்ப்புப் படைகள் திரண்டன. வெளிநாட்டுக் கூட்டணியின் விமானத் தாக்குதல்களும் தொடங்கின. அவ்வாண்டு மே மாதம் காஹிரா கோட்டையும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. 2016 ஜனவரி இறுதியில் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. ஆறு மொழிக்கு அகராதி தொகுத்த அவையின் நகரத்தில் ஏட்டுச்சுவடிகள் சாம்பலாயின.

முற்றுகையின் முதல் ஆண்டு மிகக் கொடியது. மாவும் மருந்தும் ஸபிர் மலையின் ஆட்டுத்தடங்கள் வழியே கழுதை முதுகில் ஏறி வந்தன. மருத்துவமனைகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் உருளைகளும் அவ்வாறே வந்தன. 2016 மார்ச்சில் மேற்குப்புறம் ஓரளவு திறந்தது. ஆனால் கிழக்கே ஹவ்பான் நோக்கிய சாலை அடைபட்டே கிடந்தது. முன்பு கால் மணி நேரத்தில் கடந்த தொலைவுக்கு, மலைகளைச் சுற்றி ஐந்து ஆறு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. இடைப்பட்ட தெருக்களில் கண்ணிவெடிகளும், மறைந்திருந்து சுடுவோரும். முஆத் (ரலி) அவர்களின் பள்ளி ஹூதிகள் பக்கம் தங்கிவிட்டது. ஜனாஸாவுக்குச் செல்ல வேண்டிய மகன் அடக்கம் முடிந்தபின் வந்து சேரும் நிலை ஏற்பட்டது.

இதனை மத்ஹபுச் சண்டை என்று சுருக்கிச் சொல்வோர் உளர். ஹூதிகள் ஜைதிய்யா வழியினர், தஇஸ் மக்கள் ஷாஃபிஈகள் என்பது மெய்தான். ஆனால் நூற்றாண்டுகளாக இருசாராரும் ஒரே பள்ளியில், ஒரே இமாமின் பின்னால் தொழுது வந்தவர்கள், மணவுறவு கொண்டவர்கள். மேலும் 2019 மார்ச்சில் பழைய நகரின் தெருக்களில் மோதிக்கொண்டவை அரசு தரப்பைச் சேர்ந்த படைப்பிரிவுகளே. அங்கே மத்ஹபு எங்கே வந்தது? அதிகாரமும் வழிகளின் மீதான பிடியுமே போரின் வேர்.

நாணயத்தின் கதை

2016 செப்டம்பரில் மத்திய வங்கியின் தலைமையகம் ஸன்ஆவிலிருந்து ஏதனுக்கு மாற்றப்பட்டது. ஸன்ஆவிலிருந்த வங்கியும் இயங்குவதை நிறுத்தவில்லை. ஏதன் தரப்பு புதிய நோட்டுகளை அச்சிட்டது. 2019 டிசம்பரில் ஹூதிகள் அவற்றைத் தம் பகுதியில் தடைசெய்தனர். அன்றிலிருந்து ரியால் என்னும் ஒரே பெயரில் இரண்டு நாணயங்கள் உலவத் தொடங்கின. ஸன்ஆ ரியால் ஒரு டாலருக்கு 530 என்னும் அளவை ஒட்டி நின்றது. ஏதன் ரியாலோ 2025 ஜூலையில் 2,800ஐத் தாண்டிச் சரிந்து, ஆகஸ்டில் 1,600 அளவுக்கு மீண்டது. 2024இல் ஹூதிகள் நூறு ரியால் உலோகக் காசையும் அடித்து வெளியிட்டனர்.

மற்ற ஊர்களில் இது இரண்டு வட்டாரங்களின் வேறுபாடு. தஇஸில் இது ஒரே ஊரின் இரண்டு தெருக்களின் வேறுபாடு. ஹவ்பான் ஆலையில் ஒரு ரியாலில் கூலி பெறுபவன், நகரில் உள்ள தன் வீட்டுக்கு மறு ரியாலில் வாடகை தருகிறான்.

நம் மத்ரஸாக்களில் பாடம் நடக்கும் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலில், விற்பனைப் பகுதியில் ஒரு சட்டம் வருகிறது. ஓர் ஊரில் ஒரு நாணயம் மேலோங்கி வழங்குமாயின், விலை பேசும்போது அதன் வகையைச் சொல்லாவிட்டாலும் அதுவே கொள்ளப்படும். இரண்டு நாணயங்கள் இருந்து, எதுவும் மேலோங்காவிட்டால், எது என்று குறிப்பிட்டே ஆகவேண்டும். மாணவர்கள் இதனை ஏட்டில் மட்டுமே காணும் சட்டமாகக் கருதிக் கடந்து விடுவதுண்டு. தஇஸ் மக்களுக்கோ அது அன்றாட வாழ்வு. கடன் கொடுத்தவன் எந்த ரியாலில் கேட்பான்? நிகாஹ் பதிவில் மஹர் இத்தனை இலட்சம் ரியால் என்று போருக்கு முன் எழுதியிருந்தால், மனைவிக்குச் சேரவேண்டியது எது? மதிப்பில் மும்மடங்குக்கு மேல் வேறுபடும் இரண்டில் ஒன்றைத் தேர்வது சிறிய வழக்கா? ஆட்சியாளர் சண்டை கணவன் மனைவியின் ஒப்பந்தத்துக்குள்ளும் நுழைந்து விட்டது.

ஒரு நகரில் இரண்டு காஜிகளை நியமிக்கலாமா என்று ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி ஆராய்ந்திருக்கிறார். ஊரின் ஒரு பகுதியை ஒருவருக்கும் மறுபகுதியை மற்றவருக்கும் ஒதுக்கினால் செல்லும் என்பது அவர் கூற்று. ஆனால் அவ்விரு காஜிகளும் ஒரே இமாமின் நியமனம் பெற்றவர்கள்; ஒருவர் பகுதியில் செல்லும் காசு மற்றவர் பகுதியிலும் செல்லும். நிர்வாகம் இரண்டாவது குற்றமன்று; மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படை இரண்டாவதே கேடு.

வரியின் நிலையும் இதுவே. ஏதன் துறைமுகத்தில் சுங்கம் கட்டி ஏறும் சரக்கு, தஇஸ் மாநிலத்திலேயே உள்ள அர்ராஹிதா சாவடியில் ஹூதிகளிடம் மீண்டும் சுங்கம் கட்டுகிறது. இடைவழியில் ஆயுதம் தாங்கியோர் நிறுத்தி வாங்குவது தனி. வழிமறித்து வாங்கும் இத்தகைய பணத்துக்கு நம் ஃபுகஹாக்கள் 'மக்ஸ்' என்று பெயரிட்டு வன்மையாகக் கண்டித்துள்ளனர். அவ்வளவும் இறுதியில் ரொட்டி வாங்கும் ஏழையின் தலையிலேயே விழுகிறது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

திறந்த வழி

2018 டிசம்பரில் ஸ்வீடனில் கையெழுத்தான உடன்பாட்டில் தஇஸுக்கென ஒரு பகுதி இருந்தது. 2022 ஏப்ரல் போர்நிறுத்தத்திலும் அதன் சாலைகள் பற்றிய பேச்சு இருந்தது. ஏட்டில் இருந்ததே தவிர நாட்டில் நிகழவில்லை. கடைசியில் 2024 ஜூன் 13ஆம் நாள் ஹவ்பானையும் நகர நடுவையும் இணைக்கும் சாலை திறக்கப்பட்டது. ஹிஜ்ரி 1445, துல்ஹஜ் பிறை ஏழு. மூன்று நாளில் ஹஜ்ஜுப் பெருநாள். ஒன்பது ஆண்டுகளாக உறவினரைச் சுற்றுவழியில் சென்று கண்டவர்கள், சிலர் காணவே இயலாதிருந்தவர்கள், நடந்தே சென்று ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

சாலை திறந்ததால் நகரம் ஒன்றாகிவிட்டதா? இல்லை. சாவடிகள் இருக்கின்றன, இரு ரியால்களும் இருக்கின்றன. ஆயினும் இன்னொன்றும் நடந்திருக்கிறது. தஇஸ் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊர். 1990களிலேயே வாரக்கணக்கில் குழாய் வறண்டு கிடக்கும். போரின்போது கிணறுகள் ஒரு பக்கமும் குடிப்போர் மறுபக்கமும் ஆயினர். 2025இல் பஞ்சம் முற்றியபோது, இருதரப்பின் குடிநீர் நிறுவனங்களும் ஜூலை மாதத்தில் நகருக்கு நீர் வழங்கும் பணியில் கூடிச் செயல்பட உடன்பட்டன. தலைநகர்களில் அமர்ந்திருப்போர் செய்ய இயலாததைக் குழாயும் கிணறும் அறிந்த அலுவலர்கள் பேசி முடித்தார்கள்.

இதில் நமக்குப் புலனாவது யாது? யார் ஆள்வது என்ற கேள்விக்கு விடை வரும்வரை நகரம் காத்திருக்க வேண்டியதில்லை. ரஸூலிய்யர் போனார்கள், இமாம்கள் போனார்கள், பிரிட்டிஷார் போனார்கள். ஸபிர் மலைப் பெண்கள் சந்தைக்கு வருவது நிற்கவில்லை. வழியைத் திறப்பது ஒரு படி, நீரைப் பகிர்வது மறுபடி. காசை ஒன்றாக்குவது இவற்றினும் கடினம். ஆனால் அதற்கு முன்பாகவே, ஒரு முறை சுங்கம் கட்டிய சரக்கை மறுமுறை மறிப்பதில்லை என்றும், பழைய கடனுக்கும் மஹருக்கும் எந்த ரியால் என்று இருபக்கத்து நீதிமன்றங்களும் ஒரே விதியைக் கொள்வதென்றும் முடிவு செய்யலாம். கிணற்றுக்கு இசைந்தவர்கள் இதற்கும் இசையலாம். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு வழியனுப்பியபோது நபிகளார் (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை, மக்களுக்கு எளிதாக்குங்கள், கடினமாக்காதீர்கள் என்பதுதான். அவ்வறிவுரை முதன்முதலில் போய்ச் சேர்ந்த மண்ணில் அது மீண்டும் ஆட்சி செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!